இருபதாம் நாள் இலை

நிலவேம்புச் செடிகள் வளர்க்கும் கூடத்துக்குள் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. தாகத்தில் தவிக்கும் செடியில்தான் மருந்து ஏறும் என்று இருபது நாளாய் அவற்றுக்கு ஒரு சொட்டும் விடவில்லை. பாட்டில் மூடியைத் திருகினாலே போதும், அத்தனை இலைகளும் சத்தம் வந்த பக்கம் திரும்பிவிடும். அங்கே வேலை பார்க்கும் பூங்கோதை வெளியே போய்த்தான் குடிப்பாள். இதையெல்லாம் அவள் வீட்டில் சொன்னதில்லை.

இருபதாம் நாள் பறித்த இலையில் கொஞ்சத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து, மகள் நறுமுகைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு வாரமாய் அடித்த காய்ச்சல் விடிவதற்குள் இறங்கிவிட்டது.

காலையில் பூங்கோதை அடுப்படியில் குடத்தைச் சாய்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த மகளின் முகம், கண் திறக்காமலே, அந்தப் பக்கம் திரும்பியது.

"தண்ணி வேணுமா கண்ணு? ராத்திரிகூட ஒரு சொம்பு குடிச்சியே."

"இருபது நாளாச்சும்மா," என்றாள் நறுமுகை.