மார்ச்சுக்குள் முடிய வேண்டிய போர்வை

துண்டுத்துணிப் போர்வைக் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தாண்டு இலக்கை வாசித்தார்.

"மார்ச்சுக்குள்ள இந்தப் போர்வையை முடிச்சே ஆகணும்!"

"போன வருஷமும் இதையேதானே டீச்சர் சொன்னீங்க?" என்றாள் நர்ஸ்.

"அதுக்கு முந்தின வருஷமும்" என்றாள் தபால்காரம்மா.

"நக்கல் வேண்டாம். முடிச்சிட்டா குழுவைக் கலைச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கலாம்."

குழு கூடும் வீட்டுக்கார அம்மா, நூல் கோத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். சனிக்கிழமை தைக்க வரும் இந்த மூன்று பேரை விட்டால், அவள் வீட்டு அழைப்புமணியை அழுத்த ஆளே கிடையாது. அதனால்தான் வாராவாரம் அவர்கள் போனதும் இரண்டு வரிசைத் தையலைப் பிரித்துவிடுவாள்.

அன்றும் டீ தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, கத்தரிக்கோலோடு கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் கிளம்பிவிட்டதாக நினைத்திருந்தாள். தலைவி மட்டும் போர்வைமேல் குனிந்து, மளமளவென்று தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்!"

தலைவி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்ததும் மூச்சு வந்தது.

"நீங்களுமாக்கா? நர்ஸ் வேற ரெண்டு வரிசையைப் பிரிச்சிட்டுத்தான் செருப்பு மாட்டினா. இதுக்கு ஒரு முறை வைக்கணும். ஆளாளுக்குப் பிரிச்சா போர்வையே மிஞ்சாது."