கொசுறு விரல்

மாடி அறைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. வலைத்தள நண்பர்கள் முதல்முறையாக நேரில் கூடியிருக்கிறார்கள். சட்டையில் குத்திய அட்டையில் அவரவர் வலைப்பெயர். பித்தான் கடைக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் அப்பா வைத்த பெயரை எழுதித் தொலைத்திருக்கிறார். அது இங்கே யாருக்குத் தெரியும்? 'பித்தான்காரர்' என்றால் தெரியும். தினம் ஒரு பித்தானைப் படம் பிடித்துப் போடுவார்; முகத்தை ஒருநாளும் போட்டதில்லை, ஆனால் படத்தின் ஓரத்தில் நகம் பிளந்த கட்டைவிரல் தவறாமல் வந்து விழும். "இன்னிக்கும் விரல் கொசுறா?" என்று முதல் ஆளாய் எழுதும் 'தூறல்' அதோ எதிரே நிற்கிறார்: நரைத்த கூந்தல், ஆறிப்போன தேநீர், ஒவ்வொரு அட்டையாய்த் தேடும் கண்கள். மனைவி இறந்த பிறகு கடைக்காரரைத் தினமும் விசாரிக்கிற ஒரே ஆள். அந்தக் கண்கள் இவருடைய அட்டையையும் படித்துவிட்டுத் தாண்டிப் போகின்றன. ஊரையே பேரத்தில் மடக்குகிற கடைக்காரருக்கு 'நான்தான்' என்று சொல்லக் கூச்சம். கிளம்பிவிடலாம் என்று வாசல் பக்கம் நகர்கிறார்.

"அண்ணே, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்!" சமையல் வீடியோ போடும் பெண் கைபேசியைக் கையில் திணிக்கிறாள். எடுத்துக் கொடுக்கிறார். பார்த்தவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "அட போங்கண்ணே! பாதிப் படம் உங்க கட்டைவிரல்தான்!" சிரிப்பு வெடிக்கிறது. தூறல் மட்டும் சிரிக்காமல் எட்டி, கத்தரி பட்டுப் பிளந்த அந்த நகத்தைப் பார்க்கிறார்.

"பித்தான்காரரே! எவ்வளவு நேரமாத் தேடுறேன்!"

இழுத்துத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறார். வெட்கத்தில் கடைக்காரர் விரலை மடக்கி ஒளிக்கிறார்.

"மறைக்காதீங்க," என்கிறார் தூறல். "நான் தினமும் வர்றதே அந்தக் கொசுறுக்குத்தான்."