மேலே வந்த சிங்க்

சமையலறை ஜன்னல் வெயிலில் கல்தூள் இன்னும் மிதக்கிறது. சற்றுமுன் அறுத்த கிரானைட் மேடையை அவள் ஈரத்துணியால் துடைக்கிறாள். கருப்புக்குள் நீலப்பொறி மினுங்கும் கல். பதினோரு கடை ஏறி இறங்கிக் கிடைத்த ஒரே பலகை. நடுவே சிங்க்குக்கான ஓட்டை. கீழே அலமாரிக்குள் மல்லாந்து படுத்திருக்கும் மேஸ்திரி, எவர்சில்வர் சிங்க்கின் விளிம்பில் பசை தடவி, இரு கையாலும் மேலே தூக்குகிறார். விளிம்பு கல்லின் அடியில் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. எங்கும் உரசாமல் ஓட்டை வழியே ஏறி வருகிறது, பளபளவென்று, முழுசாக. அதன் அடியில் பசை அப்பிய பத்து விரல்கள். பிறகு மேஸ்திரியின் தலை. அவள் கையிலிருந்த துணி சொட்டுகிறது. தலை மட்டும் தெரிய அவர் ஓட்டையைச் சுற்றிப் பார்க்கிறார். "உள்வாய் அளவுக்குத்தாம்மா அறுக்கணும். இது வெளிவிளிம்பு. சிங்க்கைக் கவுத்து வச்சு வரைஞ்சிருக்காங்க. நானும் கோடு இருக்கேன்னு அளக்காம அறுத்துட்டேன்." குரல் இறங்குகிறது. "கோடு யாரு போட்டது?" அவள் திரும்புகிறாள். பின்னால் நிற்கும் கணவனின் கை, காதில் செருகிய பென்சிலை எடுக்கப் போய், பாதியில் நிற்கிறது.