யாருக்கும் ஆட்சேபம் இல்லை

உடை மாற்றும் அறையில் பதினான்கு இளைஞர்கள் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்த காவலாளி, ஜெபம் நடக்கிறதென்று தொப்பியைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார்.

அது ஜெபமல்ல. லூஷியஸ் நாளைக்கு ஆடலாமா, கூடாதா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

கென்டக்கியிலிருந்து வரவிருந்த கல்லூரி மிக மரியாதையாகத்தான் கடிதம் எழுதியிருந்தது. 'தங்கள் அணியிலுள்ள கறுப்பு இளைஞர் மைதானத்தில் இறங்கினால் எங்கள் பிள்ளைகள் இறங்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.'

அந்த 1937ஆம் வருஷம் ஆல்டர்கிரோவ் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் ஜெயித்திருந்தது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு லூஷியஸ் ஓடி ஓடிச் சேர்த்த புள்ளிகளே அதில் பாதிக்கு மேல் வரும். நாளைய ஆட்டத்தோடு அவனுடைய கல்லூரி ஆட்டம் முடிகிறது. சிகாகோ ரயிலில் பெட்டி தூக்கும் அவன் அப்பா, மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. நாளைக்கென்று விடுப்புச் சொல்லியிருந்தார்.

கல்லூரி குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. அவர்கள் எதற்கும் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. எல்லோரும் மௌனமாக இருப்பார்கள்; மனச்சாட்சி உந்தினால் ஒருவர் பேசுவார். ஒரே ஒருவர் 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் காரியம் அதோடு நின்றுவிடும்.

"நம்ம வழக்கப்படியே வச்சுக்குவோம்," என்றிருந்தார் பயிற்சியாளர் மேசி. "லூஷியஸ் இல்லாம ஆடலாமான்னுதான் கேள்வி. ஒருத்தர் வேண்டாம்னாலும் சரி, வராதீங்கன்னு தந்தி அடிச்சுடறேன். லூஷியஸ், நீயும் இதுல ஒருத்தன்தான் தம்பி."

"சரி சார்."

'வேண்டாம்' என்று லூஷியஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பக்கத்தில் ஆர்வல் உடைந்த மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாகச் சேற்றில் புரண்டு எலும்பை உடைத்துக்கொண்ட பையன்கள். அவர்கள் ஆட்டத்தை என் ஒருவனுக்காக நானே கெடுப்பதா? நான் சொல்ல வேண்டாம். யாராவது ஒருவன் சொல்லட்டும். பதிமூன்று பேரில் ஒருவன் போதும்.

எம்லன் சொல்வான். மூன்று வருஷமாக ஒரே அறை. காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டியவன்.

வெந்நீர்க் குழாய் எங்கோ டொக் டொக்கென்றது. ஆர்வல் தொண்டையைச் செருமினான். லூஷியஸ் சட்டென்று கண்ணைத் திறந்தான்.

ஆர்வல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் எம்லனும்தான். லூஷியஸ் பார்த்ததும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பாவம், சங்கடப்படுகிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்காகவே மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

கால் மணி நேரம் போயிற்று. பெஞ்சு கிறீச்சிட்டது.

"யாருக்கும் ஆட்சேபம் இல்ல," என்றார் மேசி. வழக்கப்படி ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் லூஷியஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆல்டர்கிரோவ் மூன்றே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. எட்டுக்கு எட்டு. ஊரே மைதானத்துக்குள் புகுந்து ஆர்வலைத் தோளில் தூக்கிக்கொண்டது. கடைசி வரிசையில் அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார். மகனுடைய அணியாயிற்றே.

கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து, குளித்த தலை ஈரத்தோடு எம்லன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா எங்கடா?"

"டிக்கெட் வாங்கப் போயிருக்கார். வெள்ளைக்காரப் பசங்க உன் அளவுக்கு ஓட மாட்டானுங்கன்னு நெனச்சேன், பரவாயில்லையேங்கறார்."

எம்லன் சிரிக்கவில்லை. கால் கட்டைவிரலால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேட்கட்டுமாடா?" என்றான் லூஷியஸ். "கோவமெல்லாம் இல்ல. பதிமூணு பேர் இருந்தீங்க. ஒருத்தனுக்குக்கூடவா வாய் வரல?"

"நானும் அதைத்தான் இப்ப குளிக்கறப்போ எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒவ்வொருத்தனா கேட்டேன். சொல்லி வச்ச மாதிரி ஒரே பதில்."

"நான் இல்லாம ஆடலாம்னா?"

எம்லன் இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தோம்டா."