முப்பதுக்குள்

அந்த ஒரு வரியை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

வரன் தேடித் தரும் இணையதளம். ஆட்களின் வயதைக் கணக்கிடும் நிரல் வரி அது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கும். மாதத்தையும் தேதியையும் ஏறிட்டும் பார்க்காது.

எழுதியவள் அவள்தான்.

டிசம்பரில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஜனவரி முதல் நாளே ஒரு வயது கூடிவிட்டது.

அவள் டிசம்பர் கடைசியில் பிறந்தவள். வீட்டில் இன்னும் இருபத்தொன்பது. தளத்தில் முப்பது.

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முப்பதுக்குள் என்றுதான் தேடினார்கள். அவள் யார் தேடலிலும் வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை. பட்டுப்புடவை இல்லை. கேசரி இல்லை. பொண்ணு பாடுமா என்று கேட்க ஆள் இல்லை.

மத்தியானம் வரை தூக்கம்.

ஊழியர் சலுகையில் மகளைப் பதிந்து வைத்திருந்த அம்மாதான் கலங்கிப்போனாள். கோயில் கோயிலாக விளக்குப் போட்டாள்.

அலுவலகத்தில் பூவரசன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை. திருத்துவது அவள் வேலை. திருத்தியதைப் பார்த்து, பிழை தீர்ந்தது என்று மூடுவது மறுபடியும் அவன் வேலை.

இந்தப் பிழையை அவன் அனுப்பியபோதெல்லாம், இது பிழையே அல்ல என்று திருப்பி அனுப்பினாள். அவன் விடவில்லை. வேறு எதற்கும் இப்படி மெனக்கெட்டவன் இல்லை. இன்று மேனேஜரிடமே போய்விட்டான்.

"வருசத்துல வருசத்தக் கழிச்சா வயசு வந்துருங்களா? அப்பறம் மாசம், தேதியெல்லாம் எதுக்குங்க இருக்குது?"

"இதுல உங்களுக்கென்னங்க வந்துச்சு?"

அவன் ஏசியை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் எழுதினாள். இந்த ஆண்டு பிறந்தநாள் வந்துவிட்டதா, பார். வரவில்லையென்றால் ஒன்றைக் குறை.

நிரலை ஓட்டினாள்.

ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரு வயது குறைந்தது.

அவளுக்கும்.

பூவரசன் தன் ஃபோனை எடுத்தான். எதையோ தேடினான். ஒரே ஒரு முறை அழுத்தினான்.

சரிபார்க்கிறான் என்று நினைத்தாள்.

அவள் ஃபோன் அடித்தது. அம்மா. அந்தக் குரலுக்கு ஃபோனே தேவையில்லை.

"கண்ணு! சாமி கண்ணத் தொறந்துட்டுது. இப்பத்தான் ஒரு எடம் வந்துச்சு. பையன் உங்க ஆபீசுலயேதானாமா. பூவரசனாமா. உனக்குத் தெரியுமா?"

அவள் திரும்பினாள்.

தீப்பிடித்தால் செய்ய வேண்டியவை என்று சுவரில் ஒட்டியிருந்ததை அவன் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"பேசு கண்ணு. ஞாயித்துக்கெழம காலைல வரச் சொல்லட்டுமா?"

திரையில் பிழை இன்னும் திறந்தே கிடந்தது. மூட வேண்டியவன் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள்.

"மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லும்மா."