கீழ் வீட்டுக்குக் கேட்குமா?

“கீழ் வீட்டுக்குக் கேக்குமா?” என்றார் வந்தவர்.

“துளி சத்தம்கூடக் கேக்காது சார்!” கடைக்காரர் உற்சாகமாக, கம்பியில் கோத்த பொம்மை வீரர்களைக் கையால் சுழற்றிக் கோல் போடும் அந்த ஃபூஸ்பால் மேஜையைத் தட்டிக் காட்டினார். “காலுக்கு அடியில ரப்பர், கம்பி முனையில ரப்பர், பந்து கார்க்கு. நீங்க பாட்டுக்கு கோல் போடலாம், கீழ இருக்கவங்க பாட்டுக்குத் தூங்கலாம். விலையும் கையைக் கடிக்காது.”

“அப்ப இது வேண்டாம்.”

கடைக்காரர் முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தார்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். விளையாட்டுச் சாமான் வாங்க வந்த முகமாக இரண்டுமே இல்லை.

“சத்தம் கேக்கணும், தம்பி. நல்லாக் கேக்கணும். நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போயும் சேரணும்.”

மணி இரண்டே கால். கடைக்காரர் அடுத்த மேஜையைக் காட்டினார். கெட்டி மரம், கனமான கம்பிகள். வந்தவர் விலைச்சீட்டைப் பார்த்ததும், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

“நமக்குக் கட்டுப்படியாகாது. அது என்ன, மூலையில?”

“அது பழைய மாடல் சார். கம்பியெல்லாம் உள்ள வெறும் குழாய். கோல் விழுந்தா தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கும். சத்தம் தாங்கலைன்னு ரெண்டு பேர் திருப்பியே கொடுத்துட்டாங்க. பாதி விலைக்குப் போட்டும் சீந்த ஆளில்ல.”

வந்தவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். “உக்காந்துக்கிட்டே ஆட முடியுமா?”

“காலைக் கழட்டி உயரம் குறைச்சுத் தர்றேன்.” மூட்டு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். “எத்தனாவது மாடி சார்?”

“மேஜை போறது மூணாவது மாடி.”

“கீழ ஆள் இருக்காங்களா?”

“ரெண்டே பேரு. அதுல அந்தாளு ஒரு மாதிரி. ஸ்பூன் கீழ விழுந்தாலும் படியேறி வந்து கத்துவான்.”

“போதும், விடுங்க” என்றார் மனைவி.

அவர் விடவில்லை. “இங்க கீழ குடோன் இருக்கா, தம்பி? இவ இறங்கி நிக்கட்டும். நான் மேல ஆடிப் பாக்கறேன்.”

கடைக்காரரின் இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு சோதனையை யாரும் வைத்ததில்லை. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் குடோன் படியில் இறங்கினார். வந்தவர் முரட்டுப் பிளாஸ்டிக் பந்தைப் போட்டுக் கம்பியைச் சுழற்றினார். தடால்!

“கேக்குதா?”

“கேக்குதுங்க” என்று கீழேயிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

“இதையே போடுங்க, தம்பி.”

கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு வந்திருந்தது. அவர் வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு புண்ணியவான் காலை ஐந்து மணிக்கே கயிறு தாண்டிக் குதிப்பவர். மனிதன் மனிதனுக்கு இப்படியும் செய்வானா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தப்பா நினைக்காதீங்க சார். இதை உங்களுக்கு விக்க மனசு வரல. கீழ் வீட்ல இருக்கவரும் மனுஷன்தானே? அப்படி என்ன பாவம் பண்ணாரு அவரு?”

“பண்ணான்” என்றார் வந்தவர். “மேல் வீட்ல ஒரு பொண்ணு, தம்பி. பத்து வயசு. கால்பந்துன்னா உசுரு. மழை நாள்ல ஹால்லயே உதைப்பா. இவன் போய்க் கத்துனான். ‘விளையாடணும்னா ரோட்டுக்குப் போ’ன்னான். அவளும் போனா. அன்னைக்குத்தான் அந்த வேன் வந்துச்சு.”

அவர் பந்தை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தார்.

“மூணு மாசம் ஆச்சு. அந்த வீட்டிலேருந்து ஒரு சத்தமும் இல்ல. இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வர்றா. இனிமே காலால உதைக்க முடியாது. கையாலயாவது ஒரு கோல் போடட்டுமே.”

கடைக்காரர் சட்டென்று பில் புத்தகத்தைத் திறந்தார். அதே வேகத்தில் கோபமும் கட்சி மாறியது.

“மன்னிச்சுக்குங்க சார். அவன் மனுஷனே இல்ல! கேக்கட்டும். ராத்திரி பகல் அவன் காதுல விழட்டும்!” என்றபடி முரட்டுப் பந்துகள் அரை டஜனை இலவசமாக எடுத்து மேஜைக்குள் போட்டார். “வண்டியை இப்பவே அனுப்பறேன். பேர் சொல்லுங்க.”

“பேரு வேண்டாம். யார் கொடுத்ததுன்னு கேட்டாலும் சொல்ல வேண்டாம்.”

பேனா நின்றது. “உங்க வீட்டுக்கு நீங்களே அனுப்பறதுல என்ன சார் ரகசியம்?”

வந்தவர் தலையைக் குனிந்து பணத்தை எண்ணத் தொடங்கினார். குடோன் படியேறி வந்த மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“எங்க வீடு ரெண்டாவது மாடி, தம்பி. அந்தக் கீழ் வீட்டு ஆளு இவருதான்.”