எது நல்ல வண்டி?

"இது வேண்டாம் அண்ணாச்சி. கிளட்ச் தகராறு, பார்ட்ஸும் கிடைக்காது. அந்த இங்கிலீஷ் வண்டியை எடுத்துக்குங்க, ராஜா மாதிரி ஓடும்," என்றார் லூயிஸ், இத்தாலி வண்டியை மறைத்தபடி நின்றுகொண்டு.

தி.நகர் ஜவுளிக்கடை சுயம்புலிங்கத்துக்குப் பழைய வெளிநாட்டுக் கார்கள் என்றால் பைத்தியம். லூயிஸோ கோபாலபுரம் பங்களாவை விட்டு, ஒரே ஒரு கார் நிற்கும் ஷெட் உள்ள வீட்டுக்குப் போகிறார். எப்படியும் இங்கிலீஷ் வண்டியைத்தான் கேட்பார் என்று நம்பி, இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரேதான் கடிதம் போட்டிருந்தார்.

சுயம்புலிங்கம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். இத்தாலி வண்டியின் கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது.

"நாப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன் சார். கடைக்காரன் நல்ல சரக்கை ஒளிச்சு வச்சிட்டு மட்டத்தைத்தான் புகழுவான்," என்று சிரித்தார். "எனக்கு இதுதான் வேணும்."

"அண்ணாச்சி, அது வந்து..."

"கடுதாசியில எழுதியிருக்கியளே."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் மட்டுமே உட்காரக்கூடிய குட்டிச் சீட்டு. "கண்ணாடியில கையை வச்சு அழுக்காக்கியிருக்கே," என்று கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

தடுக்கப் போன லூயிஸின் கை பாதியில் நின்றது. ஆறு வயது மர்சலினை அடக்கம் செய்த நாளிலிருந்து, மூன்று வருஷமாக, மகளின் அந்த ஐந்து விரல் தடத்தை அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

சாவியை எடுத்து நீட்டினார்.

"கொண்டு போங்க அண்ணாச்சி. இனிமே எனக்கு ரெண்டு வண்டியும் ஒண்ணுதான்."